கொசுறை நீங்களே வச்சுக்குங்க

இது நடந்தது. கதையாக இருந்திருந்தால் பேச்சாளர் என்றைக்கோ மேடையில் ஏற்றியிருப்பார். நடக்காததை எல்லாம் நடந்ததாகச் சொல்லி ஊர் ஊராகக் கைதட்டு வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவர் இதை மட்டும் எந்த மேடையிலும் வாய் திறந்து சொன்னதில்லை. உண்மை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நடந்தது ராத்திரியிலும் இல்லை. நாய் ஊளையிடவில்லை, ஆந்தை அலறவில்லை. நல்ல வெயில். துவைத்துப் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அப்படிப்பட்ட மத்தியானம்.

பேச்சாளருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ‘மிட்டாய்க் கடைப் பேச்சு’. வயல்களுக்கு நடுவே, சாலை பிரியும் இடத்தில், ஒரு சின்னக் கடை. காலில் செருப்பில்லாத சிறுவன் ஒருவன் வெயிலில் நடந்து அங்கே போவான். கண்ணாடி ஜாடிகளுக்குப் பின்னால் மிட்டாய் மாமா நிற்பார். சிறுவன் ஒரு மிட்டாய் வாங்குவான். மாமா இன்னொன்றைக் கொசுறாக அவன் உள்ளங்கையில் வைப்பார். “அன்பர்களே, வாங்கியதற்கு மேல் கிடைப்பது கொசுறு. கொசுறிலே இதுதான் வேண்டும், அதுதான் வேண்டும் என்று கேட்கலாமா? கொடுப்பதை வாங்கிக்கொள்வதே பண்பு. வாழ்க்கையே ஒரு கொசுறு!” இந்த இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண் கலங்கிவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். கண்ணாடி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் இந்த இடம் வரும்வரை அவர் அதைத் துடைப்பதில்லை.

“செருப்பில்லாமத்தான் போனாரு,” என்பாள் அவர் மனைவி, வீட்டுக்கு வரும் ரசிகர்கள் காதில் விழாத தூரத்தில். “ஜீப்புக்குள்ள எதுக்குச் செருப்பு?”

அவருடைய அப்பா பெரிய அதிகாரி. ஊர் ஊராகப் போகும்போது பையனையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். அந்தக் கடை இருந்தது உண்மை. மிட்டாயும் உண்மை. நடைதான் பொய்.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளுக்கு அப்புறம் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று தொட்டிலைத் தானம் கொடுத்த பிறகு, இளையவள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலேயே பேச்சாளர், “இது கொசுறு!” என்றார். நர்ஸ்கள் சிரித்தார்கள். கைதட்டு கிடைத்த வார்த்தையை அவர் விடுவாரா? பெயர் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று உண்டு, அது பள்ளிக்கூடத்தோடு சரி. வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் கொசுறுதான்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. மேல் முன்பல் இரண்டும் அந்த வாரம்தான் விழுந்திருந்தன. ‘ச’ வரவில்லை, ‘த’தான் வந்தது. பெயர் கேட்டால், “கொதுறு,” என்பாள். கேட்டவர்கள் சிரித்தால் இன்னும் ஒரு தடவை சொல்லுவாள்.

அன்றைக்கு ஒரு பள்ளி விழாவில் பேசிவிட்டு மூவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சுற்றுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். வயல், வாய்க்கால், மறுபடி வயல். பேச்சாளர் திடீரென்று பிரேக்கை மிதித்தார்.

“இந்த இடம்தாம்மா! இங்கதான் அந்தக் கடை!”

“எந்தக் கடை?”

“மிட்டாய்க் கடைம்மா! இடிஞ்சு கிடக்கும். அதுக்கு முன்னால நின்னு ரெண்டு வார்த்தை பேசறேன். நீ போன்ல எடு. கூரை இல்லைன்னா இன்னும் நல்லா இருக்கும்.”

கடை இடியவில்லை. கூரையோடு, திறந்து, ஜாடிகள் வரிசையாக மினுங்க நின்றது. இடியாத கடையைப் பார்த்ததும் பேச்சாளரின் முகம்தான் கொஞ்சம் இடிந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். தலை வாரினார். மனைவி போனை நீட்டிப் பிடித்தாள்.

தகரக் கூரை. மூடும்போது ஒவ்வொன்றாகச் சொருகும் மரப் பலகைகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே சோப்பு, கயிறு, விளக்குத் திரி. முன்னால் ஜாடிகள். ஆரஞ்சு மிட்டாய், தேன் மிட்டாய், இஞ்சி மிட்டாய், வண்ணக் கோடு சுற்றிய குச்சி மிட்டாய். பின்னால் சாக்குத் திரை ஒன்று தொங்கியது.

மனைவிக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. இவ்வளவு இனிப்பு இருக்கிற இடத்தில் ஓர் எறும்பு இல்லை. ஓர் ஈ இல்லை. வாசனைகூட இல்லை.

கடைக்காரர் காதில் பென்சில் சொருகியிருந்தார். ஒல்லி. வயது சொல்ல முடியாத முகம்.

“அச்சு அசல் உங்க அப்பா மாதிரியே இருக்கீங்க!” என்றார் பேச்சாளர், போனைப் பார்த்தபடி.

“யாரு சார் அப்பா?”

பேச்சாளர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, மேடையில் சிரிப்பதுபோல் சிரித்தார்.

கொசுறு ஜாடிகளில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சாக்குத் திரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அம்மாவின் புடவையை இழுத்தாள்.

“அம்மா, உள்ள ஒரு பாப்பா திரிக்குது.”

“என்ன திரிக்குது? கயிறா?”

“கயிறு இல்லம்மா! திரிக்குது! என்னைப் பார்த்துத் திரிக்குது!”

“நம்ம வீட்ல கயிறு திரிக்கிறதுக்கு உங்க அப்பா ஒருத்தர் போதும். சும்மா நில்லு. படம் ஆடுது.”

“அதுக்கு மட்டும் பல்லெல்லாம் இருக்கும்மா,” என்றாள் கொசுறு, குறையாக.

மனைவி திரையைப் பார்த்தாள். சாக்கு லேசாக ஆடியது. காற்று இல்லை.

“கொசுறு, ஜாடியைத் தொடாத. இங்க வா.”

கடைக்காரர் நிமிர்ந்தார். “கொசுறா?”

“எங்க சின்னவ,” என்றார் பேச்சாளர் பெருமையாக. “வாங்கினதுக்கு மேல வந்தது.”

கடைக்காரர் குழந்தையை நிதானமாகப் பார்த்தார். காய்கறி வாங்குகிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

ஆரஞ்சு மிட்டாய் கேட்டார் பேச்சாளர். மூடி திருகும் சத்தம். க்ர்ரக். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, மிட்டாய்களைப் போட்டு, வாயை மடித்துக் கொடுத்தார் கடைக்காரர். பிறகு தனியாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இந்தாங்க, கொசுறு.”

பேச்சுக்கு உச்சமே இந்த இடம்தான். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் போன் ஓடிக்கொண்டிருந்தது. வாங்குகிற கையைவிட மறுக்கிற கை படத்தில் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. உள்ளங்கையை உயர்த்தினார்.

“வேண்டாம். வாழ்க்கை எனக்கு நிறையக் குடுத்திடுச்சு. கொசுறை நீங்களே வச்சுக்குங்க.”

“நெஜமாவா சார்?”

“நெஜமா.”

“கொசுறை நானே வச்சுக்கவா?”

“தாராளமா வச்சுக்குங்க!”

“அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது.”

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பரம்பரை இல்லைங்க நாங்க. இதோ, கேமராவே சாட்சி.”

கடைக்காரர் தலையை ஆட்டினார். நீட்டிய மிட்டாயை ஜாடிக்குள் போடவில்லை. சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பேச்சாளர் கடைக்கு முதுகைக் காட்டிக் காரை நோக்கி மெதுவாக நடந்தார். நடந்து போகும் காட்சி ஒன்று வேண்டுமாம். மனைவி பின்னாலேயே நடந்து எடுத்தாள்.

“எப்படி வந்திருக்கு?”

“வந்திருக்கு. வண்டியை எடுங்க. எனக்கு இந்த இடமே பிடிக்கல. கொசுறு, வா.”

“கொசுறு!”

இருவரும் திரும்பினார்கள்.

கடை மூடியிருந்தது.

பலகைகள் எல்லாம் சொருகியிருந்தன. குறுக்கே இரும்புப் பட்டை. துருவேறிய பூட்டு. பூட்டைச் சுற்றி ஒரு கொடி படர்ந்திருந்தது. அதில் பூ வேறு பூத்திருந்தது. ஒரு நாளில் படர்கிற கொடி இல்லை. ஒரு வருஷத்திலும் படராது.

வாசலில் குழந்தையின் செருப்பு மட்டும் கிடந்தது. ஜோடியாக, அழகாக, யாரோ கழற்றி வைத்ததுபோல.

மனைவி போனைக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். பதிவை நிறுத்த வேண்டும் என்று தோன்றுமா அப்போது? கடையைச் சுற்றி ஓடினாள். பின்பக்கம் வெறும் சுவர். சுவருக்கு அப்புறம் வயல். கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பள்ளிக்கூடத்துப் பெயர். அந்தப் பெயருக்கு எதுவும் அசையவில்லை.

பேச்சாளர் பலகையில் அறைந்தார். “டேய்! திறடா!”

உள்ளே... க்ர்ரக்.

மூடி திருகும் சத்தம்.

“அப்பா...”

பலகைக்கு அந்தப் பக்கம். மிக அருகில்.

“கொசுறு! பயப்படாதடா! அப்பா இங்கதான் இருக்கேன்! யோவ், கதவைத் திற!”

“வச்சுக்கச் சொன்னீங்களே சார்,” என்றது உள்ளேயிருந்து குரல். கோபமே இல்லை. கடை நேரத்தில் பேசுகிற அதே மரியாதை.

“நான் மிட்டாயைச் சொன்னேன்யா!”

“கொசுறைன்னுதான் சொன்னீங்க. ரெண்டு தடவை கேட்டேன்.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு? மந்திரி எனக்கு வேண்டியவர்! ஒரு போன் போட்டா...” சட்டைப் பையிலிருந்து முகவரி அட்டையை எடுத்துப் பலகையின் இடுக்கில் தள்ளினார். பட்டங்கள் எல்லாம் பொன் எழுத்தில் அச்சடித்த அட்டை.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. மிட்டாய் போடும் கூம்பாகச் சுருட்டப்பட்டு. உள்ளே ஒன்றும் இல்லை.

அவர் கார் டயர் மாற்றும் கம்பியை எடுத்து வந்து பூட்டை அடித்தார். மறுபடி அடித்தார். கை தோலுரிந்து ரத்தம் வந்தது. பூட்டு அசையவில்லை. அதன்மேல் இருந்த கொடியில் ஓர் இலைகூட உதிரவில்லை.

“அப்பா... இங்க நிறையப் பாப்பா இருக்கு...” குரல் இப்போது கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குழறியது.

“துப்புடி! அதைத் துப்பு!” அம்மா தரையில் உட்கார்ந்து பலகையில் நெற்றியை மோதிக்கொண்டாள். “ஐயா, புண்ணியமாப் போகும். என் பிள்ளையைக் குடுத்திருங்கய்யா...”

அவள் அழுகை உள்ளே கேட்டதாகவே தெரியவில்லை.

சட்டென்று அவள் நிமிர்ந்தாள். முகத்தைத் துடைத்தாள்.

“என்னங்க. நீங்க கேளுங்க. குடுத்தது நீங்க. நீங்கதான் கேக்கணும்.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“இது பேச்சு. கேக்கிறது வேற. கொசுறு கேளுங்க. பிள்ளைங்க கேக்குமே, அப்படி.”

பேச்சாளர் விழித்தார். “எப்படி... கேக்கணும்?”

“என்ன எப்படி? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே!”

“நான் கேட்டதே இல்லம்மா. ஜீப்பை விட்டு இறங்கினதே இல்ல. மத்த பிள்ளைங்க கேக்கும். நான் பார்த்துக்கிட்டு இருப்பேன். நாம கை நீட்டக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு.”

இன்னொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

“மொதல்ல எதாவது வாங்கணும். வாங்காம எவன் கொசுறு குடுப்பான்? அப்புறம் கையை நீட்டணும். வாங்குறவரைக்கும் கையை எடுக்கக் கூடாது. கெஞ்சணும். வெக்கம் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அவரிடம் சில்லறை இல்லை. பெரிய மனிதர்கள் சில்லறை வைத்துக்கொள்வதில்லையே. அவள் காருக்கு ஓடி, கொசுறின் பொம்மைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து வந்தாள்.

பேச்சாளர் முழங்காலிட்டார். நாணயத்தை இடுக்கில் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

“மாமா... ஒரு ஆரஞ்சு மிட்டாய்.”

க்ர்ரக்.

கையை இடுக்கில் நுழைத்தார். மணிக்கட்டு வரைதான் போனது. உள்ளே கிணற்றுக் குளிர்.

உள்ளங்கையில் ஒரு மிட்டாய் விழுந்தது.

“கொசுறு மாமா...”

கையை எடுக்கவில்லை.

“கொசுறு குடுங்க மாமா... ஒண்ணே ஒண்ணு... மாமா...”

அழுதார். அன்றைக்குத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றாமல் அழுதார்.

“எந்தக் கொசுறு வேணும் தம்பி?”

எது என்று கேட்கிறானே! கோபித்துக்கொண்டுவிட்டால்? இல்லை என்று சொல்லிவிட்டால்? பயத்தில் அவருக்கு வாயில் வந்தது, ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய ஒரே வாக்கியம்.

“நீங்க எது குடுத்தாலும் சரி மாமா...”

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

அவர் கையில் ஒரு சின்னக் கை வந்து சேர்ந்தது.

இழுத்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார்.

மணிக்கட்டு மட்டும் போகிற இடுக்கு. ஆனால் கண்ணைத் திறந்தபோது, பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் ஒரு பக்கம் மிட்டாயில் புடைத்திருந்தது.

“கொசுறு வந்துட்டேன்ப்பா,” என்றாள்.

அப்புறம் யார் எதை யோசிப்பது? அம்மா அள்ளிக்கொண்டாள். செருப்பை எடுக்கக்கூட நிற்கவில்லை. கார் பறந்தது. பெரிய சாலை வந்து, லாரி, பஸ், மனிதர்கள் எல்லாம் தென்பட்ட பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது. இரண்டு பேருக்கு, என்று சொல்ல வேண்டும். பின் சீட்டில் அவள் வாயைத் திறக்காமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்தாள். வீடு வரும் வரை அது கரையவில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அம்மா பார்த்தாள். மேல் முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. முழுசாக. வெள்ளையாக.

“சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்திடும்மா,” என்றார் பல் டாக்டர், நிமிர்ந்து பார்க்காமல். பெற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை கிடைத்துவிட்டது. பல்லைப் போய் யார் எண்ணுவார்கள்?

சமர்த்துப் பிள்ளை ஆகிவிட்டாள். அடம் இல்லை. வைத்ததைச் சாப்பிடுவாள். இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பேச்சாளர் நாணயம் போட்டு வாங்கிய அந்த ஒரு மிட்டாய் காரிலேயே கிடந்தது. கோடை முழுவதும் கிடந்தது. இளகவில்லை. எறும்பும் வரவில்லை.

இப்போது பேச்சாளர் எந்த மேடைக்கும் போவதில்லை. தொண்டையில் கோளாறு என்று விழாக்காரர்களிடம் மனைவி சொல்லி அனுப்புகிறாள். ஆனால் அந்தச் சுற்றுப் பாதையில் போகிறவர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டிய கடை முன்னால் முழங்காலிட்டு, பலகை இடுக்கில் கையை விட்டுக்கொண்டு இருப்பார். “என்னோடது மாமா... என்னோடதே வேணும் மாமா...” என்று திரும்பத் திரும்பக் கேட்பார். உள்ளே மூடி திருகும் சத்தம்கூட வருவதில்லை என்கிறார்கள்.

அவர் அங்கே போகத் தொடங்கியது மூத்தவள் விடுமுறைக்கு வந்த அன்றிலிருந்துதான். அம்மாவின் போனில் இடமே இல்லை என்று அவள் பழையதை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள். ஒரு பதிவு மட்டும் மிக நீளமாக இருந்தது. அதை ஓடவிட்டாள். ஆரம்பத்தில் அப்பா வருகிறார். கொடி படர்ந்த பூட்டிய பலகைகளைப் பார்த்துச் சிரிக்கிறார். உள்ளங்கையை உயர்த்துகிறார். பிறகு ஓட்டம். பிறகு கைப்பைக்குள் இருட்டு. வெறும் சத்தம். அறைகிற சத்தம், அம்மா அழுகிற சத்தம், அப்பா கெஞ்சுகிற சத்தம்.

“அம்மா, இங்க வா. இதைக் கேளு.”

பேச்சாளரும் வந்து நின்றார்.

“கொசுறு வந்துட்டேன்ப்பா,” என்று போனில் குரல் வந்தது. தெளிவாக. ‘ச’ சுத்தமாக.

அந்த வாரம் அவளுக்கு ‘ச’ வராது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வாசற்படியில் சின்னவள் வந்து நின்று, எல்லாப் பல்லும் தெரிய அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன் இன்னும் ஓடியது. அள்ளி அணைத்துக்கொள்ளும் சத்தம். புடவை உரசும் சத்தம். ஓடும் காலடிகள். அவற்றுக்குப் பின்னால், தூரத்தில், பலகையைச் சின்னக் கைகள் தட்டும் சத்தம்.

“அப்பா... அது நான் இல்லப்பா... கொதுறு இங்க இருக்கேன்ப்பா... அப்பா...”

பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம்.

பிறகு வண்டி கிளம்பும் சத்தம்.